ரெண்டு ஸ்வரம் இல்லாத பாட்டு

உக்காருங்க தம்பி. நிக்கிறதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? கேமராவ அப்புறம் மாட்டிக்கலாம். மொதல்ல இந்த மோபிப் பட்டைத் தண்ணியக் குடிங்க. கசக்கத்தான் செய்யும். ட்ரினிடாட்ல பொறந்துட்டு மோபிக்கு மூஞ்சியச் சுளிக்கலாமா?

போன தடவை கல்வி ஆபீஸுக்காகப் படம் எடுக்க வந்தப்பவும் இதே நாற்காலிதான். ஞாபகம் இருக்கா? இருக்கும், இருக்கும். இந்தப் பள்ளிக்கூடத்துல பாட்டு டீச்சர் வேலையவே எடுத்துட்டாங்களே, சமையல் சொல்லிக்குடுக்கிற நீங்க எப்படி மேடம் பதிமூணு புள்ளைங்கள வச்சு, எண்ணெய்ப் பீப்பாயில ஸ்வரம் எடுக்குற இந்த ஸ்டீல் டிரம் குழுவ நடத்துறீங்கன்னு கேட்டீங்க. மனசத் தொறந்து பேசுங்க, இந்தப் படத்தக் காட்டித்தான் மேலிடத்துல பாட்டு வகுப்புக்குக் காசு கேக்கப்போறோம்னீங்க. நானும் பைத்தியக்காரி மாதிரி எல்லாத்தையும் கொட்டுனேன்.

குச்சி முனைக்கு ரப்பர் வாங்க வழியில்ல, பழைய சைக்கிள் ட்யூப வெட்டிச் சுத்துறோம்னேன். சுதி சேக்குற ஆளக் கூப்பிட முடியல, மெயின் டிரம்முல ரெண்டு ஸ்வரம் செத்துப்போச்சுன்னேன். அதுல தட்டுனா டொக்குனு தகர டப்பா மாதிரி கேக்கும். எந்தப் பாட்ட எடுத்தாலும் அந்த ரெண்டும் வந்து வழிய மறிக்கும். நம்ம ஷெனெல்தான் சொன்னா, மிஸ், அது ரெண்டும் வராத மாதிரி நாமளே ஒரு பாட்டுக் கட்டிட்டா என்னன்னு. பதினாலு வயசுதான் ஆகுது அவளுக்கு! ரெண்டு மாசம் மண்டைய ஒடைச்சுக் கட்டுனாங்க. போட்டியில மூணாவது எடம். ஒரு நடுவருக்கும் தெரியல.

என்னது, படத்துல அந்தக் கட்டம்தான் எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுதா? ஏன் பிடிக்காது!

படத்தோட ஒரு சுற்றறிக்கையும் எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் போச்சே, அத நீங்க படிச்சீங்களா? நான் படிச்சேன். மேல என் போட்டோ, பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறேன். சமையல் டீச்சரே சுதி சேராத டிரம்ம வச்சுப் பரிசு வாங்க முடியும்னா, பாட்டு டீச்சர்னு தனியா ஒரு ஆள் எதுக்குன்னு கீழ எழுதியிருக்கு. மத்த பள்ளிக்கூடங்கள்ல மிச்சமிருந்த பாட்டு டீச்சருங்க பதினொரு பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அதுல ஒருத்தன், பாயிண்ட் ஃபோர்ட்டின் பள்ளிக்கூடத்துல இருந்த கர்ட்டிஸ், என் கூடப் பொறந்த தம்பி. எனக்குக் குச்சி பிடிக்கக் கத்துக்குடுத்ததே அவன்தான். அன்னிக்குப் போன் பண்ணுனான். அக்கா, நீ படத்துல ரொம்ப அழகாப் பேசியிருக்கன்னான். அவ்வளவுதான், வச்சுட்டான். அதுக்கப்புறம் நான் கூப்பிட்டா எடுக்குறதே இல்ல.

உங்களுக்குத் தெரியாதா? ஆபீஸ்ல அவங்களா அப்படி மாத்திட்டாங்களா? இருக்கலாம். நீங்க நல்ல புள்ளையாவே இருந்துட்டுப் போங்க. ஆனா வாக்குக் குடுத்தது நீங்க, நம்புனது நான். என் வாயாலயே என் தம்பி சோத்துல மண்ணப் போட வச்சுட்டீங்க. சத்தம் போடாமச் சொல்றேன்னு லேசா எடுத்துக்காதீங்க.

இப்ப ரெண்டாவது படமா? புள்ளைங்க வாசிக்கிறத எடுக்கணும், எப்ப வருவாங்கன்னா கேக்குறீங்க?

வர மாட்டாங்க. திங்கக்கெழமையே குழுவக் கலைச்சுட்டேன். ஆமா, நான்தான். வேற யாரு? காசில்லாமயும் நடந்துச்சு, டீச்சர் இல்லாமயும் நடந்துச்சு, அத என் கையாலயே நிறுத்திட்டேன். நாங்க வாசிக்க வாசிக்க இன்னும் யார் வீட்டு அடுப்பு அணையுமோ, யாருக்குத் தெரியும்? போதும்டா சாமின்னு ஆயிடுச்சு. குச்சியக் கீழ வைங்கன்னேன். எல்லாரும் வச்சுட்டுக் கெளம்பிட்டாங்க. ஷெனெல் மட்டும் வாசல்ல நின்னு திரும்புனா. மிஸ், நாங்க எங்கயாச்சும் தப்பா வாசிச்சுட்டமான்னு கேட்டா.

இல்லடி, ரொம்ப நல்லா வாசிச்சுட்டீங்க, அதான்னு சொன்னேன். அந்தப் புள்ளைக்குப் புரியல தம்பி. மன்னிச்சுக்கோங்க மிஸ்னு சொல்லிட்டுப் போறா.