நீலமடுவில் ஒரு கூடாரம்

சுகன்யா: பாம்பெல்லாம் வராதுப்பா. சுத்தி வேலி போட்டிருக்காவ.

பூதலிங்கம்: வேலியைப் பாத்துட்டு பாம்பு வீட்டுக்குத் திரும்பிப் போவுமாக்கும். சனிக்கிழமை வேண்டாம்னு சொல்லுதேன், கேளு பிள்ள.

சுகன்யா: நேத்து கொசுன்னீங்க. இன்னைக்குப் பாம்பு. நாளைக்கு என்ன, புலியா?

பூதலிங்கம்: புலியும் உண்டு. பாபநாசம் மலை பூராவும் புலிதான.

சுகன்யா: ஆமா, அது மலையை விட்டு எறங்கி, ரோட்டைத் தாண்டி, எங்க ஆபீஸ் ஆளுவளைத் தேடி வரும்.

செல்லக்கிளி: ஏங்க, ஸ்பீக்கர்ல போடுங்க. மக கூட நானும் ரெண்டு வார்த்தை பேசுதேன். ஏளா சுகன்யா, அம்மைக்கும் ஒரு கூடாரம்னு சொன்னியே, நெசந்தானா?

சுகன்யா: நெசந்தாம்மா. ஆபீஸ்ல எட்டு பேரு, நாலு கூடாரம். ஒனக்கும் அப்பாவுக்கும் தனியா ஒண்ணு. கட்டில், மெத்தை, குளிக்க வெந்நி, ஏசி...

செல்லக்கிளி: கூடாரத்துக்குள்ள ஏசியா?

பூதலிங்கம்: நாலாம் நம்பர்ல ஏசி ஓடாது.

சுகன்யா: என்னது?

பூதலிங்கம்: ...ஓடாதுன்னு பேசிக்கிட்டாவ. டீக்கடையில.

சுகன்யா: டீக்கடையில கூடார நம்பர் வரைக்கும் பேசுதாவளா?

பூதலிங்கம்: அம்பாசமுத்திரத்துல வேற என்ன சோலி? அது கெடக்கட்டும். மெட்ராஸ்ல இருந்து அவ்வளவு தூரம் அங்கன என்னத்தப் பாக்க வாரீய, அதைச் சொல்லு.

சுகன்யா: கேன்யன்ப்பா. ரெண்டு பக்கமும் செங்குத்தா பாறை, நடுவுல நீலமா ஏரி. நீலமடுன்னு பேரு.

பூதலிங்கம்: ஏட்டி, அது நம்ம கல்குவாரிப் பள்ளம். பதினெட்டு வருசம் நான் குழி போட்டு வேட்டு வச்ச எடம். ஏரின்னு நீ சொல்லுதது மழைத்தண்ணி.

சுகன்யா: அது எனக்குத் தெரியாதாக்கும்.

பூதலிங்கம்: தெரிஞ்சுமா ஆளுவளைக் கூட்டிக்கிட்டு வாரே?

சுகன்யா: பாக்கதுக்கு அழகா இருக்குல்லா?

பூதலிங்கம்: நாங்க ஒடைக்கும்போது ஒருத்தரும் அழகுன்னு சொல்லலியே. மேஸ்திரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சம்மட்டியைக் கீழ வச்சிட்டு நின்னு பாத்திருப்போம்.

சுகன்யா: பாறை மேல ஒரு தியான மேடை கூட இருக்குப்பா. காலையில சம்மணம் போட்டு உக்காந்தா மனசு லேசாவுமாம்.

பூதலிங்கம்: அது லாரி எடை போட்ட மேடை. லோடு ஏத்துனவன் மனசு லேசாவலியே. கம்பி துருத்திக்கிட்டு இருந்த எடத்துல இப்போதான் புல்லுப்பாய் ஒட்டியிருக்கு. பைய உக்காரணும், குத்தும்.

சுகன்யா: யப்பா... புல்லுப்பாய் ஒட்டுனது உங்களுக்கு எப்படித் தெரியும்?

செல்லக்கிளி: ஏங்க, போனைப் பொத்துங்க.

பூதலிங்கம்: பொத்தியாச்சு. என்ன?

செல்லக்கிளி: எதுக்கு இப்படி ஒளறுதீங்க? நான் அங்கனதான் வேலைக்குப் போறேன்னு சொல்லித் தொலைச்சா என்ன?

பூதலிங்கம்: அரிசி மில்லு கேட்டுல நாற்காலி போட்டு உக்காந்திருக்கேன்னு ஒரு வருசமாச் சொல்லியாச்சு. இப்போ அவ ஆபீஸ் ஆளுவ முன்னால, அந்தக் கோலத்துல போய் நிக்கச் சொல்லுதியா? அவ பேங்குல வேலை பாக்குத பிள்ளை. இதான் என் அப்பான்னு காட்டுவாளா, மூஞ்சியத் திருப்புவாளா?

செல்லக்கிளி: கோலத்துக்கு என்ன கொறைச்சல்? தலையில கொஞ்சம் எல. நெஞ்சுல கொஞ்சம் சுண்ணாம்பு.

பூதலிங்கம்: ஒனக்கு மெத்தையில படுக்கணும். அதான் இந்த நியாயம்.

செல்லக்கிளி: ஆமா, படுக்கணும். நீங்க தெனமும் அந்த மெத்தையைத் தட்டிப் போடுதீங்க, நான் ஒருநாள் படுத்தா ஆவாதா? கையை எடுங்க, பிள்ளை கத்துதா.

சுகன்யா: யப்பா, லைன்ல இருக்கீங்களா?

பூதலிங்கம்: இருக்கேன் தாயி. சிக்னல் போயிட்டு. அம்மை வேணும்னா வரட்டும். எனக்கு மில்லுல சனிக்கிழமை லோடு எறங்குது.

சுகன்யா: நான் வேணா மில்லு மொதலாளிகிட்ட பேசுதேன்.

பூதலிங்கம்: வேண்டாம். அவரு... போன்ல பேச மாட்டாரு.

சுகன்யா: மில்லு நடத்துதவரு போன்ல பேச மாட்டாரா?

செல்லக்கிளி: பல்வலி.

சுகன்யா: சரி, சாயங்காலமாவது வாங்க. அதுதான் முக்கியம். ஏழு மணிக்குத் தீ மூட்டி ஒரு மலைமூப்பர் கதை சொல்லுதாராம். எங்க மேனேஜர் வாரதே அவரைப் பாக்கத்தான்.

பூதலிங்கம்: பேங்கு மேனேஜருக்கு மூப்பர் எதுக்கு? கடன் குடுக்கப் போறாரா?

சுகன்யா: ...அவருக்குக் கதைன்னா பிடிக்கும்.

பூதலிங்கம்: போட்டோவெல்லாம் போட்டிருக்காவளா? அந்த மூப்பரை?

சுகன்யா: ஒண்ணு இருக்கு. தீக்கு முன்னால நிக்காரு. முதுகுதான் தெரியுது.

பூதலிங்கம்: முதுகா... முதுகு நல்லது.

சுகன்யா: என்னப்பா நல்லது?

பூதலிங்கம்: பொதுவாச் சொன்னேன். வந்தவிய அவரைப் பத்தி என்ன சொல்லுதாவ?

சுகன்யா: ஒரு அம்மா எழுதியிருக்கு. அவர் கண்ணுல காடு தெரியுதாம்.

பூதலிங்கம்: அது பொகை. பச்சை வெறகைப் போட்டு மூட்டுனா தெரியாம என்ன செய்யும்.

சுகன்யா: இன்னொருத்தர், அவர் குரல்ல ஆயிரம் வருசம் இருக்குன்னு எழுதியிருக்காரு.

செல்லக்கிளி: அது பீடி.

சுகன்யா: எம்மா, யாரு பீடி?

செல்லக்கிளி: ஒங்கப்பா பீடி கேட்டாரு. எடுத்துக் குடுத்தேன்.

பூதலிங்கம்: இங்க பாரு பிள்ள. எட்டு பேரும் ஏமாந்து போயிருவீய. சனிக்கிழமை அந்த மூப்பர் வர மாட்டாரு. காய்ச்சல்.

சுகன்யா: இன்னைக்குப் புதன்கிழமைப்பா. சனிக்கிழமை வரப்போற காய்ச்சல் உங்களுக்கு எப்படித் தெரியும்?

பூதலிங்கம்: இப்போ ஊரெல்லாம் காய்ச்சல்தான.

சுகன்யா: யப்பா. அந்த மூப்பர் யாருப்பா?

செல்லக்கிளி: சொல்லுங்க. நான் வேணும்னா அடுக்களைக்குப் போயிருதேன்.

பூதலிங்கம்: நீ போவாண்டாம், இரு. மில்லுல மூணு நாளுதாம்மா இருந்தேன். கேட்டைத் தெறந்து அடைக்க முட்டு மடங்கலைன்னு அனுப்பிட்டாவ. ஒன்கிட்ட சொன்னா லீவு போட்டுட்டு ஓடி வருவே. குவாரியில ஏதோ கூடாரம் போடுதாவன்னாவ, போனேன். பொட்டி தூக்கத்தான் எடுத்தாவ. தாடியைப் பாத்துட்டு மூப்பர் ஆக்கிட்டாவ.

சுகன்யா: தாடியை வச்சா?

பூதலிங்கம்: காரையாறு பக்கத்துல இருந்து நெசமான மலைக்காரர் ஒருத்தரைத்தான் மொதல்ல கூப்பிட்டாவளாம். அவரு பேண்டு சட்டை போட்டுக்கிட்டு, கண்ணாடி மாட்டிக்கிட்டு வந்திருக்காரு. பாக்க மலைக்காரர் மாதிரி இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாவ.

செல்லக்கிளி: அந்தக் கதையைச் சொல்லுங்க. பிள்ளை சிரிக்கட்டும்.

பூதலிங்கம்: சிரிக்கத்தான் லாயக்கு. மெட்ராஸ்ல இருந்து ஒரு காகிதத்துல அச்சடிச்சு வந்துச்சு. நாப்பது வயசுக்கு மேல எழுத்துக் கூட்டப் படிச்சவன் நான். அதை மனப்பாடம் பண்ண பதினாலு நாளாச்சு. ஒரு ராசாவாம். ராணி குளிக்க சுனை இல்லைன்னு, மலையை வாளால ஒரே வெட்டு வெட்டுனானாம். பள்ளம் ஆயிட்டு. ராணி அழுத கண்ணீருல ஏரி ஆயிட்டு.

செல்லக்கிளி: குளிக்கதுக்குத்தான் பள்ளம் வந்துட்டே, பொறவு எதுக்கு அழுதாளாம்?

பூதலிங்கம்: அதைத்தான் நானும் கேக்கேன். பக்கத்துல தாமிரபரணி ஓடுது. ஊரே அங்க குளிக்குது. ராணி மட்டும் மலையை வெட்டித்தான் குளிப்பாளோ? எந்த மடையன் எழுதினானோ, அவன் ஆத்தைக் கண்ணால கண்டிருக்க மாட்டான்.

சுகன்யா: ...கண்டிருக்கலாம். அப்போ தோணியிருக்காது.

பூதலிங்கம்: ஒரே வெட்டாம். நாங்க நாப்பது பேரு பதினெட்டு வருசம் வெட்டுனோம். மாடக்கண்ணுவுக்கு ரெண்டு வெரல் போச்சு. காகிதத்துல அவன் பேரும் இல்லை, வெரலும் இல்லை. வாள் மட்டும் இருக்கு.

சுகன்யா: ம்.

பூதலிங்கம்: சும்மா சொல்லக்கூடாது, ராணி பேரை மட்டும் நல்லா வச்சிருக்கான். கிளிநாச்சி. அந்தப் பேரைச் சொல்லும்போது ஒங்கம்மை நெனப்பு வந்து குரல் தானா எறங்கிரும். அந்த எடத்துலதான் கைதட்டுதாவ.

செல்லக்கிளி: இதை எங்கிட்டச் சொல்லவேயில்லையே.

பூதலிங்கம்: சொன்னா கூலியில பாதி கேப்பே.

சுகன்யா: அப்போ நான் வந்தா என்னப்பா? நீங்க கதை சொல்லுததை நான் கேக்கக் கூடாதா?

பூதலிங்கம்: கதை இல்லட்டி. காகிதத்துல கடைசியில ஒரு வரி இருக்கு. மூப்பர் சட்டை போடக் கூடாது, பாக்கதுக்கு இயற்கையா இருக்கணும்னு. வேட்டு வைக்கப் போன நாள்ல கூட தொவச்ச சட்டை இல்லாம நான் வீட்டை விட்டு எறங்கினதில்லை, ஒங்கம்மைக்குத் தெரியும். இப்போ அறுபது வயசுல, சுண்ணாம்பைப் பூசிக்கிட்டு, ஒன் வயசுப் பிள்ளைய முன்னால நிக்கேன். குளுருக்குன்னு ஒரு துண்டு கேட்டேன். அதுக்கும் காகிதத்துல எடமில்லைன்னுட்டாவ.

சுகன்யா: துண்டு கூடவா தரல?

பூதலிங்கம்: அந்த வரியை எழுதினவனுக்கு அப்பன்னு ஒருத்தன் இருந்தா, அவன் அப்படி எழுதியிருப்பானா? சொல்லு.

செல்லக்கிளி: விடுங்க. பிள்ளையை என்னத்துக்கு இப்படிக் கேக்கீங்க, அவளா எழுதினா?

பூதலிங்கம்: அவளைச் சொல்லல. ஏட்டி... லைன்ல இருக்கியா?

சுகன்யா: இருக்கேன்ப்பா.

பூதலிங்கம்: அழுதியா? சீ, இதுக்கென்ன. பேங்குல லீவு இல்லைன்னு சொல்லி இந்த ஒரு சனிக்கிழமையை மட்டும் தள்ளிப் போடு, போதும்.

சுகன்யா: பேங்கே இல்லப்பா. அந்தப் பரிச்சையில நான் தேறவே இல்லை, உங்ககிட்டச் சொல்ல வாய் வரல. இந்த மாதிரி எடங்களுக்குக் கதை எழுதிக் குடுக்கதுதான் என் வேலை... சனிக்கிழமை சட்டையைப் போட்டுக்கிட்டு வாங்க, அந்தக் கடைசி வரியை நானே அடிச்சு எடுத்திருதேன். ராணிக்கு வேற பேரு எனக்குத் தோணலப்பா.