இருபத்தோராவது சபை

— கையெழுத்துப் போட மாட்டேன்னு எப்ப சொன்னேன்? கை ஈரமா இருக்குன்னுதான் சொன்னேன்.

— வந்ததுலேர்ந்து அதையேதான்க்கா சொல்லிக்கிட்டிருக்க. தொட்டியை விட்டு வெளிய வாயேன்.

— பாசி பாதிதான் போயிருக்கு. நீ இறங்கி வா. சங்கச் செயலாளர் தொட்டியில இறங்கக் கூடாதுன்னு விதி கிதி போட்டிருக்கீங்களா?

— சரி, இறங்கறேன், அந்த இன்னொரு பிரஷ்ஷைக் குடு. ஞானஸ்நானம் எடுக்க இங்க ஆளே இல்ல, எதுக்கு இந்தப் பாடு?

— தண்ணி நிக்காம காஞ்சா விரிசல் விடும். வேனுக்கு ஆயில் மாத்தற மாதிரிதான், ஓடுனாலும் ஓடலன்னாலும் பாத்துக்கணும். ஸ்கூல் பிள்ளைங்களைக் காலையில இறக்கிட்டா சாயங்காலம் வரைக்கும் நான் சும்மாதான். உனக்குத்தான் அவசரம்.

— அவசரந்தான். விஷயம் என்னன்னா, நாளன்னைக்குப் பொதுக்கூட்டம். நாலு வட்டாரத்தை ரெண்டு மண்டலமா ஆக்கியாச்சு. புது விதியெல்லாம் போன மாசமே நிறைவேறியாச்சு. சங்கத்தோட பேரை மாத்தறது ஒண்ணுதான் பாக்கி. இருபத்தோரு சபையில இருபது சபை சரின்னு எழுதிக் குடுத்தாச்சு.

— அந்த இருபத்தொண்ணாவது?

— தொட்டியில நின்னு பாசி தேய்க்குது.

— பரவாயில்லையே, ஆபீஸ் நாற்காலியில உக்காந்தும் உனக்கு இன்னும் நக்கல் போகல.

— பேர் மாறணும்னா எல்லாச் சபையும் ஒத்துக்கணும், அது பழைய விதி. அதான் ரெண்டு தாள் கொண்டாந்திருக்கேன். ஒண்ணு, புதுப் பேருக்குச் சம்மதம். இன்னொண்ணு, சபையை மூடிட்டோம்னு. எதுல போட்டாலும் எனக்குச் சரி.

— என்ன ஒரு தாராள மனசுடா உனக்கு! எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி எனக்குத்தான். அந்தப் புதுப் பேரைச் சொல்லு, கேப்போம்.

— 'ஜீவநதிச் சபைகளின் கூட்டமைப்பு.'

— பழைய பேருல இருந்த பாப்திஸ்து எங்க?

— எடுத்தாச்சு. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு அந்த வார்த்தையே புரியலக்கா. ஏதோ மருந்துப் பேரு மாதிரி இருக்குன்னு ஒருத்தன் சொல்றான். வாசல் வரைக்கும் வந்து, போர்டைப் பாத்துட்டுத் திரும்பிப் போறாங்க. அவங்க உள்ள வரணும். எனக்கு வேற ஆசை இல்ல.

— புரியலன்னா சொல்லிக் குடு. முழுசா முக்கி எடுக்கறவங்கன்னு அர்த்தம். தலையில நாலு சொட்டுத் தெளிக்கறதா இருந்தா இவ்வளவு பெரிய தொட்டி எதுக்கு, நான் இடுப்பொடிஞ்சு தேய்க்கறது எதுக்கு? நதியைக் கொண்டாந்து பேருல வச்சுட்டு, முக்கறதை எடுத்துட்டீங்க.

— முக்கறதை யாருக்கா எடுத்தா? பேரை மட்டுந்தான்...

— ஆகட்டும், ஆகட்டும். சபை கூடி முடிவு பண்ணும்.

— எந்தச் சபை? உங்க சபையில நீ ஒருத்திதானே! மில் மூடினதும் குடும்பம் குடும்பமா கிளம்பிட்டாங்க. கடைசியா இருந்த தச்சரும் போன வருஷம் மகன் வீட்டுக்குப் போயிட்டாரு.

— முறையா மாறுதல் கடிதம் வாங்கிட்டுப் போனாரு. ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரும் வாங்கிட்டுத்தான் போனாங்க. இன்னார் எங்க சபையில நல்லபடியா இருந்தார், இனிமே உங்க சபையைச் சேந்தவர்னு நானே எழுதிக் குடுத்தேன்.

— நானும் அதைத்தானே சொல்றேன்? ஒருத்தியே பாடி, ஒருத்தியே ஜெபம் பண்ணி, ஒருத்தியே ஆமென் சொன்னா அது சபை இல்லக்கா, தனி ஜெபம். புது விதியில பதினொண்ணாவதைப் பாரு. ரெண்டு உறுப்பினராவது இல்லாத சபை பட்டியல்ல இருக்காது. நானே எழுதினது. நீ கையெழுத்தே போடலன்னாலும் நாளன்னைக்குப் பட்டியல்லேர்ந்து அடிச்சிருவேன். அக்காவாச்சேன்னுதான் நேர்ல வந்தேன்.

— நல்ல விதிதான், குத்தம் சொல்ல மாட்டேன். பன்னெண்டாவது விதி என்ன?

— சங்கப் பொறுப்புல இருக்கறவர், பட்டியல்ல இருக்கற ஏதாவது ஒரு சபையில உறுப்பினரா இருக்கணும். அது ஆதிகாலத்துலேர்ந்தே இருக்கு. எதுக்குக் கேக்கற?

— நீ எந்தச் சபையில உறுப்பினர்?

— என்னக்கா கேள்வி இது? டவுன் சபையில. பத்தொம்பது வருஷம் அங்க போதகரா இருந்தேனே!

— போதகரா இருந்த, சரி. உறுப்பினரா உன்னை எப்ப சேத்தாங்க?

— எப்பன்னா... போதகர்னா...

— போதகர்னா?

— யாரும் கேக்கலக்கா. போதகர்கிட்ட போயி உன் மாறுதல் கடிதம் எங்கன்னு யாரு கேப்பா?

— நீயும் கேக்கல, நாங்களும் குடுக்கல. அப்பா இங்க போதகரா இருந்தப்ப உன்னை இந்தத் தொட்டியில முக்கி எடுத்த அன்னிக்கு ஏட்டுல எழுதின பேரு அப்படியே இருக்கு. மத்தவங்க பேருக்கு எதிர்ல 'மாறுதல்'னு இருக்கும், இல்லன்னா இறந்தவங்களுக்குக் 'கர்த்தருக்குள் நித்திரை'னு இருக்கும். ரெண்டு பேருக்கு எதிர்ல மட்டும் ஒண்ணும் இல்ல. ஒண்ணு நான், இன்னொண்ணு நீ.

— அப்பா ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லல?

— நீயா வந்து கேக்கட்டும்னு இருந்தாரு. வருஷா வருஷம் ஆண்டுக் கூட்டத்துல பேர் வாசிக்கறப்ப உன் பேரையும் வாசிப்பாரு. கொஞ்சம் நிறுத்துவாரு. அப்புறம் 'வெளியூர்'னு அவரே சொல்லிக்குவாரு. அவருக்கப்புறம் நான் சொல்லிக்கிட்டிருக்கேன்.

— கேக்க பயமா இருந்துச்சுக்கா. போறேன்னு எழுதிக் கேட்டா அவரு மனசு ஒடைஞ்சிரும்னு நெனச்சேன். கேக்காமலே இருந்துட்டா போன மாதிரியே இருக்காதுல்ல... சின்ன வயசு, சின்னப் புத்தி.

— அழாத. இப்பத்தான் தொட்டியில இருந்த தண்ணியை வடிச்சேன்.

— அழல. சரி, இப்பக் கேக்கறேன். கடிதத்தைக் குடு.

— குடுக்கலாமே. ரெண்டு ஞாயிறு முன்னாடி அறிவிச்சு, சபை கூடி, தீர்மானம் போட்டுக் குடுக்கணும். உங்க கூட்டமோ நாளன்னைக்கு. அதுக்குள்ள இந்தச் சபையை அடிச்சா நாம ரெண்டு பேரும் சபை இல்லாத ஆளுங்க. எனக்கு வேன் இருக்கு, ஓட்டிக்கிட்டுப் போயிடுவேன். சபையே இல்லாதவன் சங்கத்துக்குச் செயலாளர்னா, நீ கையெழுத்துப் போட்ட மண்டலம், விதி, எல்லாம் என்னடா ஆகும்? முதலுக்கே மோசம்.

— ஆப்பசைச்ச குரங்கு மாதிரி ஆயிட்டேனே!

— பதறாத, வாலை மெதுவா எடுத்துக்கலாம். பேர் விஷயமா கூட்டம் இருக்குன்னு ரெண்டு ஞாயிறா அறிவிச்சாச்சு.

— யாருக்கு அறிவிச்ச?

— சபைக்கு. சத்தமாத்தான் வாசிச்சேன், நீ வராதது என் தப்பா? இப்ப உறுப்பினர் ரெண்டு பேரும் வந்தாச்சு. புதுப் பேருக்குச் சம்மதிக்கறவங்க கை தூக்குங்க.

— நான் தூக்குவேன்க்கா. நல்ல பேரு. இப்பவும் அதைத்தான் நம்பறேன்.

— தாராளமாத் தூக்கு, உனக்கு உரிமை இருக்கு. ஒண்ணு. சம்மதம் இல்லாதவங்க? அதுவும் ஒண்ணு. சரிக்குச் சரி. தீர்மானம் நிறைவேறல.

— ஐயோ, போன் அடிக்குது. சங்கத் தலைவர்தான்.

— எடுத்துப் பேசு. பிரஷ்ஷை இப்படிக் குடு.

— ஸ்தோத்திரம்ங்க ஐயா. ஆமாங்க, இங்கதான் இருக்கேன்.

— சத்தமாப் பேசுடா, தொட்டிக்குள்ள எதிரொலிக்குது.

— இல்லங்க ஐயா, மூடல. பட்டியல்லேர்ந்து அடிக்கவும் முடியாது. ரெண்டு உறுப்பினர் இருக்காங்க, ஏட்டுல பேர் இருக்கு. பேர் மாறாதுங்க. சபை கூடிப் பேசியாச்சு, நிறைவேறல... எந்தச் சபையா? எங்க சபைங்க ஐயா.