இரண்டு முறை அறிமுகமானவர்

நல்ல கணக்காளர் அமைவது நல்ல மாப்பிள்ளை அமைவதைவிடக் கஷ்டம். நான் டைல்ஸ் கடை வைத்திருப்பவன். கணக்கு எனக்கு வேப்பங்காய். ஒரே பில்லை மூன்று முறை கூட்டினால் நான்கு விடை வரும். இந்த லட்சணத்தில் எப்படிக் கடை நடத்துகிறீர்கள் என்று என் மனைவி கேட்பதுண்டு. கடை அவள் அப்பா வைத்துக்கொடுத்தது என்பதால் நானும் சிரித்து வைப்பேன்.

அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் முதலில் ஒரு பெண் வந்தார். குடோனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சரக்கு வாங்கினதா பில் இருக்கு. சரக்கு எங்கே சார்?" என்றார். அபாரமான மூளை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன். வராத சரக்குக்குப் பில் வைத்து வரியைக் குறைப்பது என் பழக்கம். கூட்டல்தான் வராதே தவிர, அது எனக்கு நன்றாக வரும்.

அடுத்து வந்தவர் பெரியவர், ஆடிட்டர். பின்தெருவில் வீடு, வாசலில் பித்தளைப் பெயர்ப்பலகை. இத்தனை வருஷத்தில் அவர் பெயரில் ஒரு கறை கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள். இந்த யோக்கியர் நமக்குச் சரிப்பட மாட்டார் என்று நினைத்து, சொல்லி அனுப்புகிறேன் என்றேன். மறுநாள் காலை மறுபடி வந்தார். அதே வணக்கம், அதே அறிமுகம். "கடையை இப்பத்தான் முதல் தடவையா பார்க்கிறேன். நல்லா வச்சிருக்கீங்க தம்பி" என்றார்.

என் மனைவி காதோடு சொன்னாள்: "பாவங்க, ஞாபகம் தப்புது போல. மனசு நோகாம அனுப்பிடுங்க."

நான் அப்போதே வேலை கொடுத்தேன். இரக்கம் என்றுதான் அவளிடம் சொன்னேன். அவள் அன்று என்னைப் பார்த்த மாதிரி கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

பிறகு எல்லாம் சுலபம். சரக்கைக் காணோமே என்று அவர் கேட்பார். "நேத்து நீங்களேதானே சார் சரிபார்த்தீங்க" என்பேன். முகம் வெளிறிப் போகும். "ஆமாமா" என்று அவசரமாகக் கையெழுத்துப் போடுவார். மறதி வெளியே தெரியக் கூடாது என்று அவர் பட்ட பாட்டில்தான் என் பிழைப்பு ஓடியது.

வரி அதிகாரிகள் வந்தபோது, எனக்குக் கணக்கே தெரியாது என்றேன். அது உண்மைதான். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் செஞ்சிருக்கணும். நினைவில்லை. ஆனா கையெழுத்து என்னோடது" என்றார். எனக்கு அபராதத்தோடு போயிற்று. அவரை உடம்பைப் பார்த்து ஜெயிலில் போடவில்லை. தொழில் செய்யும் உரிமையை மட்டும் பறித்துவிட்டார்கள். பலகையை அவரே கழற்றினாராம்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. உறுத்தியது. அதனால் ஞாயிறுதோறும் அவர் வீட்டுக்குப் போகிறேன். "எல்லாரும் ஒதுங்கிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் வர்றீங்க" என்று அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போடுகிறார். அந்த அம்மா உள்ளே போனதும், நான் செய்ததை ஒன்று விடாமல் அவரிடம் சொல்கிறேன். "என் பேரைக் கெடுத்துட்டியேடா பாவி" என்று குலுங்கி அழுவார். சில ஞாயிறு அடித்தும் இருக்கிறார்; வாங்கிக்கொண்டேன். சத்தம் கேட்டு அந்த அம்மா ஓடிவந்தால், "பாவம், ஏதோ குழப்பம்மா" என்று சமாளித்துவிடுவேன். திரும்பி வரும்போது மனசு பஞ்சு மாதிரி இருக்கும்.

அடுத்த ஞாயிறு அவரே கதவைத் திறந்து, "வாங்க தம்பி, ஊருக்குப் புதுசா? கணக்கு ஏதாவது பார்க்கணுமா?" என்பார். நான் உட்கார்ந்து முதலிலிருந்து ஆரம்பிப்பேன். செய்த தப்பை, பேர் கெட்டுப்போனவர் முகத்துக்கு நேரே, இத்தனை தடவை ஒப்புக்கொண்ட மனுஷன் இந்த வட்டாரத்தில் என்னைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?