நீலக் காரில் நிலைத்த பெயர்

விழாவின் நடுநாயகமாக வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! ஊர் விழிக்கும் முன்பே சாவியைக் கையில் எடுக்கும் ஓட்டுநர் பெருமக்களே! அவர்கள் திரும்பும்வரை வாசல் விளக்கை அணைக்காத தாய்மார்களே! முன்வரிசை முழுவதையும் பிடித்துக்கொண்ட குழந்தைச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

என்ன அண்ணா? சத்தமாகப் பேசவா? என் சத்தமே இவ்வளவுதான் அண்ணா. மைக்கை நம்பித்தான் மேடையேறியிருக்கிறேன்.

வீட்டிலேயே காரைப் பளபளப்பாக வைத்திருப்பது எப்படி என்று பேசச் சொன்னார் தலைவர். நான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. படித்தது வேதியியல். ஆனாலும் பெயின்டைப் பற்றி எனக்குப் பாடம் சொன்னது அப்பா வாடகைக்கு ஓட்டும் எங்கள் நீலக் கார்தான். அதன் கதையைச் சொல்கிறேன்.

கார் வந்த புதிதில், அப்பா அதன் டிக்கியில் வெள்ளை ஸ்டிக்கரால் ஒரு பெயர் ஒட்டினார். தும்பி. என் அக்காவின் செல்லப் பெயர் அது. ஓரிடத்தில் உட்காராதவள் என்று அம்மா வைத்தது. அந்தத் தும்பி வளர்ந்தாள். அப்பா பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றாள். வெளியூரில் தையல் ஆலை ஒன்றில் வேலை தேடிக்கொண்டு பறந்தே போய்விட்டாள். அன்று மாலை அப்பா காருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் கிழித்தார்.

பெயர் போயிற்றா? எப்படிப் போகும்? வெயில் கார் முழுவதையும் வெளுக்க வைத்திருந்தது. ஸ்டிக்கரின் அடியில் இருந்த நீலத்தை மட்டும் அதனால் தொட முடியவில்லை. வெளிறிய வானத்தில் யாரோ மையால் எழுதியதுபோல, ஆழ்ந்த நீலத்தில் அதே மூன்று எழுத்து!

ஒருநாள் நான் முன் சீட்டில் இருந்தேன். ஏறிய பயணி கேட்டார்: "யாருங்க தும்பி?"

அப்பா கண்ணாடியைப் பார்த்தார். "பழைய ஓனர் பொண்ணுங்க."

சிரிக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "அப்போ நான் பழைய ஓனரம்மாவா?" என்றாள். சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போனவள், வெகுநேரம் வெளியே வரவில்லை.

அப்பா விடவில்லை. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் பாலிஷைத் தொட்டு, எழுத்து எழுத்தாகத் தேய்த்தார். ஐயா, பாலிஷ் போட்டுத் தேய்த்தால் என்ன ஆகும்? உங்களுக்குத் தெரியும்! அழிக்கத் தேய்த்தார், அது ஒளிர்ந்தது. கோபத்தில் தேய்த்தார், அது கொஞ்சி மினுங்கியது.

கடைசியில் என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, படிச்சவதானே நீ? இதை மங்க வைக்க ஒரு வழி சொல்லு."

"மங்க வைக்க முடியாதுப்பா. மத்த இடத்தையெல்லாம் இது அளவுக்குப் பளபளப்பாக்கணும். அப்போ எழுத்து தனியாத் தெரியாது."

அப்பா சவாரிக்குப் போகாத ஒரு காலையில், மரநிழலில், தகடு குளிர்ந்திருந்தபோது தொடங்கினோம். முதலில் வெறும் தண்ணீர். தூசியோடு துடைக்காதீர்கள் அண்ணா! தோளில் கிடக்கும் காய்ந்த துண்டால் காலைதோறும் துடைக்கிறோமே, ஒவ்வொரு துடைப்பும் ஒரு கீறல். பிறகு காருக்கென்றே விற்கும் ஷாம்பூ. நுரைக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி. கூரையிலிருந்து கீழே இறங்க வேண்டும். நுரை வழிந்தது, இலைகளுக்கிடையே விழுந்த வெயில் அதில் வண்ணம் வண்ணமாக உடைந்தது. கார் மேகத்துக்குள் நிற்பதுபோல் இருந்தது.

மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கைக்கு உறைபோல மாட்டிக்கொண்டு தகட்டைத் தடவச் சொன்னேன். கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு அப்போது விரலுக்குத் தெரியும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு தடவினார். கிளே என்று கடையில் விற்கும் களிமண் போன்ற கட்டியை ஈரத்தில் வழுக்கவிட்டு அந்த அழுக்கை எடுத்தோம். பிறகு பாலிஷ். பழைய பெயின்ட் அல்லவா, துணியெல்லாம் நீலமானது.

"ஏங்க, காரே கரைஞ்சிடப் போகுது" என்றாள் அம்மா. "என் மூஞ்சிக்கு என்னைக்காவது இவ்வளவு கிரீம் வாங்கித் தந்திருக்கீங்களா?"

"உனக்கு எதுக்கு? நீ வெயில்லயா நிக்கிற?"

"அடுப்புல நிக்கிறேனே!"

தாய்மார்கள் பக்கம் கைதட்டல் பலமாக இருக்கிறது. நன்றி!

பானெட்டில் மேகம் மிதந்தது. கதவில் தெரு மிதந்தது. வெளுத்த காருக்குள் இத்தனை நாள் ஒரு குளம் ஒளிந்திருந்ததோ என்று நினைத்தேன். எல்லா இடமும் முடிந்தது. மிஞ்சியது டிக்கி மட்டும். அதைத் தேய்த்துவிட்டால் பெயர் அந்த நீலத்தோடு கலந்துவிடும்.

அப்பா துணியைப் பிடித்தபடி நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"இங்க வேணாம் பாப்பா."

"ஏன்பா?"

"கை வலிக்குது." கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்: "வெயில் படாம காக்குறதுக்கு ஒண்ணு சொன்னியே, அது இருக்கா?"

மெழுகு டப்பாவை நீட்டினேன். விரல் நுனியில் தொட்டு, மூன்று எழுத்தின் மேலும் மெலிதாகப் பூசினார். காயும்வரை காத்திருந்தார். மென்மையான துணியால் ஒற்றி எடுத்தார்.

"கை வலிக்குதுன்னீங்க?" என்றாள் அம்மா.

"இதுக்கு வலிக்கல."

அன்றே கிளம்பினோம். தையல் ஆலை வாசலில் அக்கா வெளியே வந்தாள். அப்பாவிடம் வரவில்லை, நேராகக் காரின் பின்னால் போனாள். எழுத்தைத் தடவிப் பார்த்தாள். விரலுக்கு ஒன்றும் தட்டவில்லை.

"ஸ்டிக்கர் எங்கப்பா?"

"கிழிச்சிட்டேன்."

"பேரு இருக்கே?"

"அது கிழியல. நானும் எவ்வளவோ பாத்துட்டேன்."

அக்கா சிரித்தாளா அழுதாளா, எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாக வந்தால் அதற்கு என்ன பெயர்?

பெரியோர்களே! மெழுகு என்பது என்ன? வெயிலுக்கும் வண்ணத்துக்கும் நடுவே நிற்கும் ஒரு மெல்லிய மறைப்பு. காற்றை நிறுத்த முடியுமா? கதிரவனைக் கட்ட முடியுமா? முடியாது. ஆனால் நாம் நேசிப்பதற்கு முன்னால், அத்தனை மெலிதாகவாவது, நாம் போய் நிற்கலாம் அல்லவா? கோபத்தில் தேய்த்த அதே கையால், குளிரக் குளிரப் பூசலாம் அல்லவா?

இன்று இந்த அரங்கத்துக்கு அந்தக் காரில்தான் வந்தோம். வண்டி நிறுத்தும் இடத்தில் காவலாளி அண்ணன் குனிந்து படித்துவிட்டுக் கேட்டார்: "யாருங்க தும்பி?"

அப்பா கண்ணாடியை இறக்கினார்.

"என் பெரிய பொண்ணு. பின்னாடி உட்கார்ந்திருக்கா பாருங்க."

காரை நிழலில்தான் நிறுத்தியிருக்கிறோம். எல்லோரும் போய்ப் பாருங்கள், காய்ந்த துண்டால் மட்டும் துடைத்துவிடாதீர்கள். என் சின்னக் குரலுக்குப் பெரிய காது கொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்!