கட்டிலுக்கடியில் கிழங்குத் தோல்

— அதெல்லாம் இருக்கட்டும் மாஸ்டர். பதினோராம் கட்டில் டெய்லருக்கு உருளைக்கிழங்கை எப்படி வேக வச்சீங்க? அதை மட்டும் சொல்லுங்க.

— எத்தனை தடவை கேப்பீங்க மேடம்? தோலைச் சீவி, பொடிசா நறுக்கி, அண்டா நிறையத் தண்ணியில வேக வச்சு, அந்தத் தண்ணியக் கொட்டிட்டுத்தான் கறி. நீங்க சொல்லிக் கொடுத்தபடி. கிட்னி நோயாளி சாப்பாட்டுல நான் விளையாடுவேனா?

— அப்புறம் ரத்தத்துல பொட்டாசியம் எப்படி ஏறுது? மூணு நாளா ஏறிக்கிட்டே போகுது. இன்னும் ஏறினா இதயமே நின்னுடும். திங்கட்கிழமை கிட்னி மாத்துற ஆபரேஷனைத் தள்ளி வச்சுட்டாங்க. பெரிய டாக்டர், டயட்டீஷியன் நான் எழுதின சாப்பாட்டு அட்டைய மேசை மேல விட்டெறிஞ்சு, 'உங்க கிச்சனைப் போய்ப் பாருங்க'ங்கிறார்.

— ஒண்ணுன்னா உடனே கிச்சன்தான். வேற யாரும் கண்ணுல பட மாட்டாங்க.

— கோவப்படாதீங்க. இதைப் பாருங்க. அவர் கட்டிலுக்கடியில கெடந்தது.

— சர்க்கரைவள்ளிக்கிழங்குத் தோல் மாதிரி இருக்கு.

— அதேதான். போன வாரம் உருளைக்குப் பதிலா இதைப் போடலாமான்னு கேட்டது நீங்கதானே?

— கேட்டேன். சும்மா சொல்லக் கூடாது, நீங்களும் அதைத் தலையில தூக்கி வச்சு ஆடினீங்க. உருளையில இல்லாத வைட்டமின் ஏ இந்த ஆரஞ்சுக் கிழங்குல கொட்டிக் கெடக்கு, நார்ச்சத்தும் கூடன்னு.

— அது நல்லா இருக்குறவங்களுக்கு! பொட்டாசியத்துல ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்ல. நறுக்கி வேக வச்சுத் தண்ணியக் கொட்டினா பாதியாவது போகும், தோலோட சுட்டா உள்ளேயே நிக்கும்னும் சொன்னேனே. அது மட்டும் காதுல விழலையா?

— விழுந்துச்சு மேடம். அதனாலதான் சொல்றேன், அந்தத் தோலை மோந்து பாருங்க. கரி வாசனை. நம்ம கிச்சன்ல எல்லாமே நீராவி அடுப்பு, தணலே கெடையாது. கிழங்கு சுட நான் எங்க போவேன்?

— அட, ஆமா. அப்ப வெளியிலேர்ந்து வருது. யாரு கொண்டாந்து கொடுக்குறா? ஏன் மூஞ்சியத் திருப்புறீங்க? உங்களுக்குத் தெரியும்.

— எனக்கு எதுக்கு மேடம் வம்பு?

— சுத்தி வளைக்காதீங்க. இதோ, அவர் பொண்ணே வருது. கிட்னி கொடுக்கப் போற பொண்ணு. அது முன்னாடியே சொல்லுங்க. உள்ள வாம்மா. ஆபரேஷன் தள்ளிப்போனது தெரியும்ல?

— நர்ஸக்கா சொன்னாங்க மேடம். மாஸ்டர் சமைச்ச சாப்பாட்டாலதானா?

— கேட்டீங்களா மாஸ்டர்? இப்பவும் பேசலைன்னா பழி உங்க தலையிலதான்.

— வந்தா வரட்டும்னுதான் இருந்தேன். ஆனா இந்தப் பொண்ணே கேக்குதே. நேத்துத் தட்டு எடுக்கப் போனேம்மா. உங்கப்பா போர்வைக்குள்ள வச்சுத் தின்னுக்கிட்டிருந்தார். புடுங்கப் போனா என் கையப் புடிச்சுக்கிட்டார். 'டீக்காரர்கிட்டச் சொல்லி நான்தான் வாங்குறேன். எம்பொண்ணு உடம்புல கத்தி படக் கூடாது மாஸ்டர். யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க'ன்னார்.

— நல்ல மனுஷன்! உயிரைப் பணயம் வச்சிருக்காரே. அழாதம்மா. நீ பக்குவமா எடுத்துச் சொன்னா கேப்பார்.

— டீக்காரர் இல்ல மேடம்.

— என்னம்மா சொல்ற?

— நான்தான் வீட்டுல சுட்டு எடுத்துட்டு வந்தேன். நீங்க கொடுத்த அட்டையில சுட்ட கிழங்கு கூடவே கூடாதுன்னு இருந்துச்சே, அதைப் பாத்துத்தான். எனக்கு ஆபரேஷன்னா பயம் மேடம். எல்லாரும் 'பெத்தா இப்படிப் பொண்ணைப் பெறணும்'னு சொல்லச் சொல்ல, மாட்டேன்னு சொல்ல வாய் வரல. நாலு நாள் தள்ளிப்போனாப் போதும்னு நெனச்சேன். உயிருக்கே ஆபத்துன்னு சத்தியமாத் தெரியாது. கண்ணுக்கு நல்லதுப்பான்னு சொல்லி என் கையாலதான் ஊட்டினேன். அப்ப அப்பா... எல்லாம் தெரிஞ்சேதான் வாயத் தொறந்தாரா?