நாலே நிமிஷம், மாப்ள

எங்கள் வீட்டுக் கூடத்தில் பதினொரு நாற்காலிகள் உண்டு, ஒன்றுகூட ஆடாது. நானே ஒவ்வொன்றின் காலுக்கும் அடியில் ரப்பர் ஒட்டியிருக்கிறேன். இங்கே நீங்கள் உட்கார்ந்திருப்பது ஆடுகிறது, கவனித்தீர்களா, இன்ஸ்பெக்டர் ஐயா?

கூடைப்பந்து ரசிகர் மன்றத்துக்கு நான் செயலாளர். கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். மன்றத் தலைவர் ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி. பந்தைக் கையால் தொட்டதில்லை, ஆனால் தொலைக்காட்சிக்குள் இருக்கும் பயிற்சியாளருக்கு உத்தரவு போடுவார். அடுத்து ஒரு மருந்துக்கடைக்காரர். அணி முன்னால் இருந்தால் "நாம ஜெயிக்கிறோம்" என்பார். பின்தங்கினால் "அவனுங்க தோக்குறானுங்க" என்பார். மற்றவர்களும் அதே சரக்குதான்.

எல்லாரும் மூடநம்பிக்கைக்காரர்கள். ராசியான சட்டை என்று ஒன்றை ஆறு மாதம் துவைக்காமல் போடுவார்கள். எனக்கு அந்த வியாதி கிடையாது. ஆறு வருடமாக நோட்டில் குறித்துவருகிறேன்: கடைசிக் கால்பகுதியில் யாராவது எழுந்த ஆட்டங்களில் எங்கள் அணி தோற்றது எழுபத்தெட்டு சதவீதம். ஆகவே முன்னிலை இருக்கும்வரை யாரும் எழக்கூடாது என்று விதி செய்தேன். அது ராசி அல்ல, கணக்கு.

பதினோராவது நாற்காலி என் மனைவியின் தம்பிக்கு. எலக்ட்ரீஷியன். ஆட்டத்தில் அவனுக்கு அ, ஆ கூடத் தெரியாது. ஆள் குறைகிறதே என்று நான்தான் உட்காரவைத்தேன். போன மாதம்தான் நெஞ்சுக்கு வைத்தியம் பார்த்திருந்தான். வலி வந்தால் உடனே நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்க வேண்டும். அது பக்கத்து அறையில், அவன் பையில். மனைவி வேலைக்குப் புறப்படும்போது என்னிடம் இரண்டு முறை சொன்னாள். இரண்டு முறையும் காதில் விழுந்தது.

ஞாயிறு மதியம். பதினேழு புள்ளி முன்னிலை. ஆட்டம் முடிய நான்கு நிமிடம்.

"அத்தான், நெஞ்சை என்னமோ பிசையுது. மாத்திரை எடுத்துட்டு வந்துடறேன்."

"நாலே நிமிஷம், மாப்ள. பொறுத்துக்கோ."

மரியாதை தெரிந்தவன். பொறுத்துக்கொண்டான். கூடைப்பந்தில் விசில் ஊதினால் கடிகாரம் நிற்கும். அணி இடைவேளை கேட்டாலும் நிற்கும். அந்த நான்கு நிமிடம் அரை மணி நேரம் இழுக்கும். எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

"இன்னுமா அத்தான் நாலு நிமிஷம் ஆகல?"

சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. எழப் பார்த்தான். நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அன்பாகத்தான்.

"யாருப்பா அது, மறைக்குது. உக்காரு," என்றார் மருந்துக்கடைக்காரர், திரும்பாமலே.

முன்னிலை ஒன்பதாகக் குறைந்திருந்தபோது அவன் நாற்காலியிலிருந்து சரிந்தான். அணியின் சரிவு அங்கேதான் வேகம் பிடித்தது. பந்தை மூன்று முறை எதிரியின் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஃப்ரீ த்ரோ நான்கும் வளையத்தைத் தொட்டுவிட்டு வெளியே போயின. ஒரே புள்ளியில் தோல்வி.

பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. தலைவர் தொப்பியைக் கழற்றி மிதித்தார். பயிற்சியாளரின் ஏழு தலைமுறையையும் வாய்க்கு வந்தபடி இழுத்தார். மருந்துக்கடைக்காரர் குலுங்கிக் குலுங்கி அழுதார். "இதுக்கப்புறம் மனுஷன் உயிரோட இருக்கணுமாடா" என்று ஒருவர் சுவரில் முட்டிக்கொண்டார். கீழே கிடந்தவனைத் தாண்டித் தாண்டித்தான் இவ்வளவும் செய்தார்கள்.

நான் அழவில்லை. நோட்டை எடுத்து, பதினோராவது நாற்காலி காலி என்று எழுதினேன். அப்புறம்தான் குனிந்து பார்த்தேன். மூச்சு இல்லை.

ஆமாம், ஐயா, அவனை மாத்திரை எடுக்கவிடாமல் தடுத்தது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இருபது நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் திருத்துங்கள். அவன் கேட்டபோது ஆட்டத்தில் மீதி நான்கு நிமிடம். சரிந்தபோது ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. நான் அவனைக் காக்கவைத்தது இரண்டு நிமிடம் பத்து விநாடிதான்.