வார்டு வாசலுக்கு ஒரு போட்டோ

இல்ல தம்பி, அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். துணிய ஓரமா தள்ளிட்டு இந்தக் கட்டில்லயே உக்காருங்க. எல்லாம் ஸ்கூல் யூனிஃபார்ம், ஊசி கீசி கெடக்கும், பாத்து. ம், இப்ப சொல்லுங்க. ஆஸ்பத்திரியிலேருந்து வர்றேன்னீங்க, சரி. எந்த ஆஸ்பத்திரிக்காரங்க இப்படி வீடு தேடி வர்றாங்க? அந்தக் கழுத்து அட்டையக் கழட்டிக் குடுங்க கொஞ்சம். கோச்சுக்காதீங்க. இப்படித்தான் அட்டை மாட்டிக்கிட்டு ஒருத்தன், தண்ணி சுத்தம் பண்ற மெஷின் பாக்கணும்னு வந்தான். போனப்புறம் பாத்தா எங்க வீட்டுக் குழாயவே காணோம்.

இதுல மீசை இருக்கு, உங்களுக்கு இல்லையே? எடுத்துட்டீங்களா. சரி, மூக்கு ஒத்துப்போகுது. நன்கொடைப் பிரிவு... அப்படின்னா காசு கேக்கிற வேலை. அட, தப்பா சொல்லல. கேட்டாத்தானே கட்டடம் எழும்பும். ஆனா என்கிட்ட கேட்டுப் பிரயோஜனம் இல்ல, வேணும்னா இந்தத் தையல் மெஷினத் தூக்கிட்டுப் போங்க.

காசு வேண்டாம், போட்டோதான் வேணும். அதத்தான் நேத்து போன்லயும் சொன்னீங்க, அதுலதான் எனக்கு சந்தேகமே. காசு கேட்டு வந்திருந்தா எனக்கு ஒண்ணும் தோணியிருக்காது. எங்க அண்ணன் வார்டு கட்டிக் குடுக்கிறாரு, எங்க அம்மா பேருல, வாசல்ல அம்மா போட்டோ மாட்டணும். எல்லாம் சரி. அதுக்கு ஏன் என்கிட்ட வர்றீங்க? டைல்ஸ் கடை வச்சிருக்காரு, மூணு மாடி வீடு வச்சிருக்காரு, பெத்தவ போட்டோ ஒண்ணு வச்சிருக்க மாட்டாரா?

ஓ. கேட்டா தர்றேன் தர்றேன்னு இழுத்துக்கிட்டே இருக்காரா. நீங்க இங்க வந்திருக்கிறது அவருக்குத் தெரியுமா? மென்னு முழுங்காதீங்க தம்பி. தெரியாதுதானே? தங்கச்சியத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு சொன்னாரா. எம்மேல அவ்வளவு கரிசனமா! இந்த வீட்டு வாசல மிதிச்சு எத்தனை வருஷம் ஆச்சு, இப்ப என் தொந்தரவப் பத்திக் கவலை. அப்புறம் அட்ரஸ் யாரு குடுத்தா? அவரு கார் டிரைவரா? அதானே. அவன் லேசுப்பட்டவன் இல்ல. சும்மா குடுத்திருக்க மாட்டான்.

நான் ஒண்ணு கேக்குறேன், மனசுல வச்சுக்காதீங்க. அந்த வார்டுக்குத் தரை போடறது யாரு? டைல்ஸ் எங்கேருந்து வருது? ஏன் சிரிக்கிறீங்க? அவர் கடையிலேருந்தா? பாத்தீங்களா, எனக்கு அப்பவே மூக்கு வேர்த்துச்சு. இனாமாவா? நெஜமாவா? முழுசாவா? சுவத்துக்கும் சேத்தா? ம்ம். அப்ப வேற என்னமோ இருக்கு. எங்க அண்ணன எனக்குத் தெரியும் தம்பி. சின்ன வயசுல ஒரு மாம்பழத்தப் பாதியா வெட்டிக் குடுன்னா, கொட்டை இருக்கிற பாதிய எனக்குக் குடுப்பாரு. கேட்டா உனக்குத்தான் பெருசா இருக்குன்னுவாரு. அப்பேர்ப்பட்ட ஆளு.

என்ன கேட்டீங்க? அம்மா பொறந்த வருஷமா? அது எதுக்கு? ஓ, போட்டோவுக்குக் கீழ கல்லுல செதுக்கணுமா. சொல்றேன். அதுக்கு முன்னாடி... என்ன, அதுக்குப் பக்கத்துல இன்னொரு வருஷமும் வேணுமா?

இருங்க இருங்க. அந்த வருஷத்த அண்ணன்கிட்ட கேட்டீங்களா? கேட்டப்ப என்ன பண்ணாரு? போன் வருதுன்னு எந்திரிச்சுப் போயிட்டாரா. ம். சரி. அதுக்கு அப்புறம் வரலாம், அவசரம் ஒண்ணும் இல்லையே?

சத்தமா? அடுப்படியிலயா? ஒண்ணுமில்ல, பூனையா இருக்கும். டீ சாப்பிடுவீங்கல்ல? இதோ கொண்டு வர்றேன். அந்த பிரிச்சு வச்ச சட்டைய மட்டும் தொடாதீங்க, காலர் இன்னும் ஒட்டல.

இந்தாங்க. சூடு. பிஸ்கட் நமுத்துப்போயிருக்கும், நனைச்சு சாப்பிட்டாத் தெரியாது. இப்ப ஆரம்பத்துலேருந்து சொல்லுங்க, எங்க அண்ணனுக்குத் திடீர்னு எப்படி இந்தப் புத்தி வந்துச்சு? யாரு போய் அவரக் காக்கா பிடிச்சது?

விருந்தா? நன்கொடை தர்றவங்களுக்கெல்லாம் ஒரு விருந்து வச்சு, நாலு பேர மேடையேத்திப் பேசச் சொல்வீங்களா? அவங்கவங்க வீட்டுல நடந்தத. அதக் கேட்டு மத்தவங்க மனசு எளகிக் குடுப்பாங்க. நல்ல தொழில் பழகி வச்சிருக்கீங்க தம்பி. அதுல எங்க அண்ணன் பேசினாரா? மேடையில? அழுதாரா! ஐயோ, இதப் பாக்கக் குடுத்து வைக்கலையே எனக்கு. எங்க அப்பா போனன்னிக்குக்கூட இவரு வந்தவங்க செருப்பு காணாமப் போகாமப் பாத்துக்கிட்டு நின்ன ஆளு.

என்ன சொன்னாரு? ஒரு வார்த்த விடாம சொல்லுங்க.

ம்... ஆமா. வராந்தாவுலதான் படுக்க வச்சாங்க. உங்க ஆஸ்பத்திரியிலதான். பெட் இல்லன்னுட்டாங்க. ஆமா, மூச்சு வாங்கிட்டு. அது உண்மைதான். ஆனா தல இருந்தது என் மடியில. போறவன் வர்றவன்லாம் அம்மா கால இடிச்சிட்டுப் போறான், நான் என் பைய எடுத்துக் கால் பக்கம் அண்டக் குடுத்தேன். ஒரு நர்ஸ் பொண்ணுதான் பாவம், எங்கேயோ போய் ஒரு சிலிண்டர உருட்டிட்டு வந்தா. எங்க அண்ணனுக்குப் போன் பண்ணேன். கடையில சரக்கு எறங்குது, வந்துடறேன்னாரு. எறங்குச்சு எறங்குச்சு, அந்த சரக்கு விடிய விடிய எறங்குச்சு.

இத மேடையில சொன்னாரா? வரலைங்கிறத? அத சொல்லல. மகன் கையப் பிடிச்சிக்கிட்டே... யாரு கைய? தம்பி, எனக்குக் கோபம் வரல. நெஜமா வரல. மேல சொல்லுங்க.

ஒரு நிமிஷம். இது அவரு பேச்சு மாதிரியே இல்லையே. எங்க அண்ணனுக்கு நாலு வார்த்த கோவையா வராது, கல்யாணப் பேச்சுக்கே பக்கத்து வீட்டுக்காரரக் கூட்டிட்டுப் போனவரு. பொய் சொல்றதுக்குக்கூட ஒரு தெறமை வேணுமில்ல? இத யாரோ எழுதிக் குடுத்திருக்கீங்க. தரையப் பாக்காதீங்க, என்னப் பாருங்க. நீங்கதானா? உங்க வேலையே அதுதானா. அப்ப போட்டோ வாங்க வந்தவரும் நீங்கதான், கதை எழுதினவரும் நீங்கதான். பூசி மெழுகாம சொல்லுங்க, அவரு உங்ககிட்ட வாயால என்ன சொன்னாரு? அம்மா வராந்தாவுல கெடந்தாங்க, மூச்சு விட முடியல, அதுவரைக்கும் சொன்னாரு. அப்புறம் என்ன ஆச்சுன்னு கேட்டீங்க. கேட்டதும்?

பேச முடியல. கண்ணு கலங்கிடுச்சு. கையால வேண்டாம்னு காட்டிட்டாரு. நீங்களும் மேற்கொண்டு கேக்கல, புரிஞ்சுக்கிட்டீங்க. புரிஞ்சுக்கிட்டீங்க!

இல்ல தம்பி, உங்களச் சொல்லிக் குத்தமில்ல. ஒரு மனுஷன் அப்படி உக்காந்திருந்தா, யாரா இருந்தாலும் அதத்தான் நெனைப்பாங்க. நீங்க நல்ல மனசோட முடிச்சு எழுதிட்டீங்க. அவரு மேடையில ஏறி, எழுதினத அப்படியே படிச்சிருக்காரு. எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டியிருக்காங்க. அதுக்கப்புறம் எங்கேருந்து மாத்திச் சொல்றது? அந்த வாய் அதுக்கு ஆகாது. அதான் வார்டே கட்டித் தர்றேன்னுட்டாரு. அதான் டைல்ஸ் இனாம். அதான் போட்டோ தராம இழுத்தடிக்கிறாரு. இப்பத்தான் எனக்கு எல்லாம் வெளங்குது. நான் என்னமோ இதுல ஏதோ லாபம் பாக்குறாருன்னு நெனச்சேன். பாவி, அன்னிக்கு வரலையேன்னு நெஞ்சு அடைச்சிருக்கு. அத எங்கிட்ட வந்து சொன்னா என்ன? நான் திட்டியிருப்பேன். திட்டிட்டு சோறு போட்டிருப்பேன்.

டீ எப்படி இருந்துச்சு? சக்கரை கொஞ்சம் தூக்கல்தானே. நான் போட்டா இவ்வளவு போட மாட்டேன்.

போட்டோவா? போட்டோ இல்ல தம்பி. ஒளிச்சு வைக்கல, நெஜமாவே இல்ல. இருந்த ஒண்ணும் மழையில ஊறிப்போச்சு. அத இனிமேத்தான் எடுக்கணும். நேத்து நீங்க போன் பண்ணதுலேருந்து அதே நெனப்பு. காலையிலேயே குளிச்சு, தலை சீவி, பொட்டியிலேருந்து இருக்கிறதுலயே நல்ல துணியா எடுத்துக் கட்டிக்கிட்டு, வந்தாச்சா வந்தாச்சான்னு கேட்டுக் கேட்டு என் உயிர எடுத்துட்டாங்க. நான்தான் முதல்ல உங்கள விசாரிக்கிறேன், நீ உள்ள இருந்து டீயப் போடுன்னேன். டிரைவர் வந்து உங்க மகன் உங்க பேருல வார்டு கட்டுறாருன்னு சொல்லிட்டுப் போனதுலேருந்து தெருவுல ஒருத்தரையும் விட்டு வைக்கல, எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. தெறக்கிற அன்னிக்கு எத்தனை மணிக்குக் கெளம்பணும், எந்த வரிசையில உக்கார வைப்பாங்கன்னு கேக்குறாங்க. என் மகன் என்னக் கூப்பிட வருவான்லன்னு கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்றது?

உக்காருங்க, ஏன் எந்திரிக்கிறீங்க? கப்ப அப்படி வைங்க.

யம்மா! வா, வெளிய வா. ஆமா, ஆஸ்பத்திரித் தம்பிதான். உன்னப் பாக்கத்தான் வந்திருக்காரு.

கொஞ்சம் சத்தமா பேசுங்க தம்பி, அவங்களுக்குக் காது மந்தம். அந்த ரெண்டாவது வருஷத்த நீங்களே கேட்டுக்கோங்க.